மிளகுக்கு வீடு பார்த்த கதை

நாய் இருக்கும் வீட்டில் பூனைக்குட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில் காபி கிடைக்கும், மொறுமொறு வர்க்கி பிஸ்கட் கிடைக்கும், உண்மை மட்டும் லேசில் கிடைக்காது.

குன்னூரில் நாய், பூனைகளுக்கான ஒரு சின்ன மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் படித்தேன். தவளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். தெரியாத வீட்டின் அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன் மூன்று முறை மூச்சை இழுத்து விடுவேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் டாக்டரம்மா இந்தப் பொறுப்பைக் கொடுத்தார். சில காலைகளில் கதவைத் திறந்தால் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே பூனைக்குட்டிகள். யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவற்றைத் தேற்றி, ஊசி போட்டு, வேண்டும் என்பவர்களுக்குக் கொடுப்போம். எங்கள் மலையில் வீட்டுக்கு வீடு நாய் உண்டு. ஆகவே குட்டியை நானே கொண்டுபோய் நாய்க்கு அறிமுகம் செய்ய வேண்டும். முதல் நாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என்று மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு முறை நாய் குரைப்பது சகஜம், அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பத்தாம் நாள் படிவத்தில் 'நாய் பூனையை ஏற்றுக்கொண்டதா?' என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லை என்றால் குட்டி மறுபடி கூடைக்குள்.

உங்களில் நாயை வைத்துக்கொண்டு பூனைக்கும் ஆசைப்பட்டவர்கள் இருப்பீர்கள். அலமாரி உச்சியில் குட்டியும் கீழே நாயும் நடுவில் நாற்காலி மேல் நீங்களுமாக நின்றிருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஒண்ணும் பண்ணாதுங்க

'எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க' என்பதைக் கேட்காத வாரமே எனக்குக் கிடையாது. அதைச் சொல்பவர்களின் கையை முதலில் பார்ப்பேன். சோலூரிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். விதை உருளைக்கிழங்கு வைக்கும் அறையில் எலித் தொல்லை, ஒரு குட்டி வேண்டும் என்றார். வீட்டில் நாய் உண்டா என்று கேட்டேன். "உண்டுங்க, ஒண்ணும் பண்ணாதுங்க, அதே ஒரு பூனை மாதிரிதானுங்க" என்றார். வலது மணிக்கட்டில் புதுக் கட்டு.

எனக்கு வாய் வராவிட்டாலும் கண் போகும். நான் அந்தக் கட்டையே பார்ப்பதைக் கண்டு அவர் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். எங்களிடம் தரை துடைப்பதிலிருந்து நாய்க்கு மருந்து புகட்டுவது வரை எல்லாம் செய்யும் செல்வராணி அக்காவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "கை என்னாச்சுங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அவர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை படித்தார். பிறகு சொன்னார்: "கடிச்சது நெசந்தானுங்க. ஆனா பூனையை இல்லீங்களே, என்னையத்தானுங்க!"

மேஜர் உட்காரவில்லை

சித்திரையில் மிளகு வந்தது. வெள்ளைக் குட்டி, உடம்பெல்லாம் மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளி. அட்டைப்பெட்டியில் இருந்த நான்கில் அது ஒன்றுதான் பிழைத்தது, அதுவும் நெஞ்சுச் சளியோடு. எங்களிடம் பூனைக்கு இருப்பது ஒரே கூண்டு. சாரல் அடிக்கும் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆனி மழை பிடிப்பதற்குள் வீடு கிடைக்காவிட்டால் கீழே சமவெளியில் இருக்கும் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டரம்மா. அங்கே ஒரே கொட்டகைக்குள் ஏகப்பட்ட பூனைகள். சளி பிடித்த குட்டி அதில் தாங்குவது கஷ்டம்.

முதல் வீடு வெலிங்டனில். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். நாய் லேப்ரடார், பெயர் மேஜர். "சர்வீஸ் பூரா மேஜர் சொன்னா நான் நின்னேன், உக்காந்தேன். இப்ப நான் சொன்னா மேஜர் உக்காருது" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தார். அறிமுகத்துக்குக் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். காலை ஆறு பத்து முதல் ஆறு இருபது வரை கதவிடுக்கு வழியாக மோப்பம். மாலை ஐந்து முதல் ஐந்து பத்து வரை சங்கிலியோடு நேருக்கு நேர். எல்லாக் கட்டத்திலும் சிவப்பு மையில் 'திருப்தி'.

இவ்வளவு திருப்தியை நான் நம்பவில்லை. ஒரு நாள்கூடவா தகராறு வராது? ஒரே பேனா, ஒரே அழுத்தம். நான் வருகிறேன் என்று தெரிந்து முந்தின நாள் மொத்தமாக நிரப்பியது போல் இருந்தது. பத்தாம் நாள் நான் உள்ளே நுழைந்ததும் மிளகு என் காலடிக்கு ஓடிவந்தது. மேஜர் எழுந்தது. முதுகு முடி சிலிர்த்து, பல் தெரிந்து, வீடே அதிரும்படி குரைத்தது. மிளகு திரைச்சீலையைப் பிடித்து ஏறிக் கம்பியில் தொங்கியது. சுபேதார் "உக்கார்" என்றார். மூன்று முறை சொன்னார். மேஜர் உட்காரவில்லை. 'இல்லை' என்று எழுதினேன், எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையோடு படி இறங்கும்போது பின்னால் அவர் குரல் கேட்டது: "மத்த நாள்ல ஒரு சத்தம் இல்லை, மேடம். இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குத்தான் எல்லாம் கெடும். எங்க ஆர்மியிலயும் இதே கதைதான்."

துவைத்த துணி

இரண்டாவது வீடு கடைவீதிக்கு மேலே, ஒரு வர்க்கிக் கடைக்காரருடையது. வீட்டம்மா பெயர் சரோஜா, நாய் பெயர் சோனு. கையடக்கமான பொமரேனியன். இந்த முறை நான் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. இரண்டு பழந்துணி எடுத்து, ஒன்றை நாய்மேல் தேய்த்துக் குட்டியின் படுக்கையிலும், இன்னொன்றைக் குட்டிமேல் தேய்த்து நாயின் தட்டுக்கு அடியிலும் வைத்தேன். முகம் பார்ப்பதற்கு முன் வாசனை பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. துணியைத் தொடவே கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். சரோஜா அம்மா இரண்டு முறையும் தலையாட்டினார்.

நான்காம் நாள் துணிகளைக் காணோம். கேட்டதும் பெருமையாகச் சமையலறைக்கு அழைத்துப் போனார். கோடை மழை விடாமல் பெய்த வாரம் அது. அப்படிப்பட்ட நாட்களில் எங்கள் ஊரில் கரி போட்ட கும்முட்டி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத் துணியைப் பரப்பித்தான் காயவைப்போம். என் இரண்டு துணிகளும் சோப்புப் போட்டுத் துவைக்கப்பட்டு அந்தக் கூடைமேல் கிடந்தன. மோந்து பார்த்தேன். நாயும் இல்லை, பூனையும் இல்லை. புகைதான் இருந்தது.

பத்தாம் நாள் மிளகு என் மடியில் இருந்தது. சோனு எங்கள் முன்னால் நின்று தொண்டை கட்டும்வரை குரைத்தது. "நேத்து வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தானுங்க வெளையாடுச்சு" என்றார் சரோஜா அம்மா. துணி விஷயத்தில் தலையாட்டிய அதே தலை. நான் நம்பவில்லை. மிளகைக் கூடையில் வைத்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "அழுக்குத் துணியத் தொவைக்காம வெக்கற ஊடு எங்குளுது இல்லீங்க. நீங்க வேற ஊடு பாருங்க."

அக்காவின் சந்தேகம்

மறுநாள் ஒரு அல்சேஷன் நாய்க்கு ஊசி போட வேண்டியிருந்தது. நாய்களின் வாயைத் துணியால் கட்டிப் பிடித்துக்கொள்வது என் வேலை, பின்னங்காலைப் பிடிப்பது செல்வராணி அக்காவின் வேலை. டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "மிளகுக்கு இன்னும் ஒரு வீடு பார்ப்போம். அதுவும் சரிவராட்டி காப்பக வண்டியில ஏத்திவிட்டுடலாம். வானம் இருட்டிக்கிட்டு வருது பாரு" என்றார். கூண்டுக்குள்ளிருந்து மிளகு இருமியது. பூனை இருமுவதைக் கேட்டிருக்கிறீர்களா? யாரோ சின்னக் கதவைத் தட்டுவது போல இருக்கும்.

நான் நாயின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்தபடியே இருந்தார். நாய் போனதும் தரையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த நாய்ங்க மேல எனக்குச் சந்தேகமில்ல கண்ணு. நீ ஊடு பாக்கப் போறியா, கேசு எழுதப் போறியா? அதுதான் எனக்குச் சந்தேகம்."

மூன்று கழுத்துப்பட்டை

மூன்றாவது வீடு, தேயிலை எஸ்டேட்டில் ஒரு லைன் வீடு. ரயில் பெட்டி மாதிரி ஒரே கூரைக்குக் கீழ் ஆறு குடும்பங்கள். கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்காதான் குட்டி கேட்டிருந்தார். நாய் டைகர், பழுப்பு நிற நாட்டு நாய். நான் முதல் முறை போனபோதே கதவோரம் ஆணியில் மூன்று கழுத்துப்பட்டைகள் தொங்குவதைப் பார்த்துவிட்டேன். டைகரின் கழுத்தில் ஒன்று. அப்படியென்றால் மற்ற மூன்று நாய்கள் எங்கே?

"அதெல்லாம் பழசு" என்று பேச்சை மாற்றினார் பாக்கியம் அக்கா. நாயை விற்கிறார்களா, அடித்து விரட்டுகிறார்களா? நான்காம் நாள் போனபோது தைரியத்தைத் திரட்டி மறுபடி கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "நீ பாரஸ்ட் ஆபீஸ்ல போய்ச் சொல்லிட மாட்டியே?" என்றார். மாட்டேன் என்று என் மருத்துவமனை அட்டையைக் காட்டிச் சத்தியம் செய்தேன். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தார். மூன்றும் சிறுத்தைக்குப் போனவை. வெளியே சொன்னால் கூண்டு வைக்க ஆள் வரும், வேடிக்கை பார்க்க ஊரே வரும், லைனில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. அதனால் டைகரை நாலரை மணிக்கே உள்ளே பூட்டிவிடுகிறார்கள். உள்ளே தனியாகக் கிடந்து அது ஊளையிடுகிறது. அடுத்த வீட்டு மல்லிகாவோடு தினமும் சண்டை. துணைக்கு ஒரு பூனை இருந்தால் அடங்குமோ என்று பார்க்கிறார்கள்.

எலிக்காகப் பூனை கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்க்காகப் பூனை கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பாக்கியம் அக்கா சிரித்துவிட்டார்: "பேருதான் டைகரு. இருட்டினா ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட நாங்கதான் துணைக்குப் போகணும்."

பாதையில் காட்டெருமை

பத்தாம் நாள் நான் கதவைத் தட்டும்போதே உள்ளே டைகர் குரைக்கத் தொடங்கிவிட்டது. கதவு திறந்ததும் சங்கிலியை இழுத்துக்கொண்டு எகிறியது. மிளகு அடுப்புக்குப் பின்னால் போய் ஒண்டியது. கையை நீட்டி எடுத்தேன். குட்டியின் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடத்தது. பாக்கியம் அக்கா, "நேத்தெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். மூன்றாவது முறையாக அதே வார்த்தை. எல்லோரும் கூடிப் பேசிவைத்துச் சொல்வார்களோ என்றுகூட நினைத்தேன். கூடையில் மிளகை வைத்து மூடியைக் கட்டினேன். படிவத்தை எடுத்தேன். பேனா ஓடவில்லை. இந்த ஒரு வார்த்தையை எழுதினால் அடுத்த வாரம் வண்டி. வழியில் எழுதிக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தேன்.

வாசலுக்கு வந்தால் பாதையில் இரண்டு காட்டெருமைகள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தன. அவை நகராமல் யாரும் இறங்க முடியாது. டைகரோ நிறுத்தாமல் குரைத்தது. "கூடை கதகதப்பா அடுப்புக்கிட்டவே இருக்கட்டும், நீ மல்லிகா வீட்ல உக்காரு" என்று பாக்கியம் அக்கா என்னை அடுத்த வீட்டுக்குள் தள்ளினார். மல்லிகா அக்கா தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார், வரவேற்பதற்காக அல்ல: "அஞ்சு நாளா அந்த நாய் வாயே தொறக்கல, நானும் நிம்மதியா சீரியல் பாத்தேன். இன்னிக்கி நீ வந்தே, எல்லாம் போச்சு."

சன்னலுக்கு இந்தப் பக்கம்

மல்லிகா அக்காவுக்குப் பாக்கியம் அக்காவைப் பிடிக்காது. அவருக்காக இவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தேன். குரைப்பு நின்றிருந்தது. ஊளையும் இல்லை. எழுந்து, கூரைத் தகரத்தின் கீழ் சுவரோரமாகவே நடந்து, பாக்கியம் அக்கா வீட்டுச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

நான் கட்டிய கூடையின் கயிறு கடித்து அறுக்கப்பட்டிருந்தது. டைகர் அடுப்பு முன்னால் படுத்திருந்தது. அதன் கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் நடுவில் மிளகு சுருண்டிருந்தது. டைகர் அதன் காதை நக்க நக்க, மிளகு முன்கால்களால் நாயின் மார்பை மாவு பிசைவது போல மாற்றி மாற்றி மிதித்தது. தாயிடம் பால் குடிக்கும் குட்டிகள் செய்வது அது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. காற்று என் பக்கமிருந்து வீசியிருக்க வேண்டும். டைகரின் மூக்கு நிமிர்ந்தது. அடுத்த நொடி சன்னலைப் பார்த்து, என்னைப் பார்த்து, எகிறிக் குரைத்தது. அந்தச் சத்தத்தில் மிரண்டு மிளகு அடுப்புக்குப் பின்னால் ஓடியது. நாய்க்குப் பயந்து ஓடவில்லை, சத்தத்துக்கு ஓடியது. மூன்று வீட்டிலும் நான் பார்த்தது இந்தக் கடைசி அரை நிமிடத்தைத்தான்.

பாக்கியம் அக்கா வெளியே வந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. பொங்கல் கழிந்து ஃபேக்டரி வாசலில் நாய்களுக்கு ஊசி போட நாங்கள் வந்திருந்ததை நினைவுபடுத்தினார். அன்று டைகர் உட்பட வரிசையாக நாய்களின் வாயைக் கட்டிப் பிடித்தவள் நான். வாய் கட்டிய பிறகு எனக்கு எல்லா நாயும் ஒன்று. நாய்களுக்கு நான் ஒருத்திதான், என் வாசனையை அவை மறக்கவில்லை. "தெரிஞ்சும் ஏங்க்கா முதல் நாளே சொல்லல?" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார்: "நீயே கதவுக்கு வெளிய நின்னு மூணு தரம் மூச்சு வாங்கிட்டுத்தான் உள்ள வர்றே. அதுல நாய்க்கு உன்னப் புடிக்கலன்னு வேற நான் எப்படிம்மா சொல்றது?"

மேஜரின் தட்டு

மறுநாள் பதிவேட்டைப் புரட்டினேன். மேஜர், சோனு இரண்டுமே எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டவை. அந்தந்த நாளில் பிடித்தவர் என்ற இடத்தில் என் சுருக்கொப்பம். எனக்குத் தொலைபேசியில் பேசுவது என்றால் கை வியர்க்கும். முதலில் சரோஜா அம்மாவை அழைத்தேன். வேறொரு குட்டியை எங்கிருந்தோ எடுத்து வைத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று இருந்திருக்கிறார். என் மன்னிப்பைக் காதில் வாங்காமலேயே அதை ஒப்புக்கொண்டார்.

அடுத்தது சுபேதார். நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். தப்பு என்னுடையது, அட்டவணை உண்மை என்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை: "மேஜர் இன்னமும் தட்டுல குட்டிக்குன்னு ஒரு வாய் மிச்சம் வெச்சுட்டுத்தான் எந்திரிக்கிறான், மேடம். லேப்ரடார் சோத்தை மிச்சம் வெச்சு நீங்க பாத்திருக்கீங்களா? வேற குட்டி இருந்தா அனுப்புங்க. கொண்டு வர்ற ஆள் மட்டும் வேறயா இருக்கட்டும்."

மூன்றாவது கையெழுத்து

மிளகின் படிவத்தில் 'ஆம்' என்று எழுதினேன். குறிப்புப் பகுதியில் 'நாய் குரைத்தது' என்றும் எழுதினேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எது சரி என்றார். இரண்டும் சரி என்றேன். அவருக்குத் திருப்தி வரவில்லை. நீ சன்னல் வழியாகப் பார்த்தது ஒரு தடவை, அதை வைத்து எப்படி விடுவது என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு படிவத்தில் ஒரு புது வரி சேர்ந்தது: என் கையெழுத்துக்கும் வீட்டுக்காரர் கையெழுத்துக்கும் கீழே, அடுத்த வீட்டுக்காரரின் கையெழுத்து. வீட்டுக்காரர் ஆசையில் சொல்வார், நான் பயத்தில் சொல்வேன். அடுத்த வீட்டுக்காரர்தான் எரிச்சலில் உள்ளதைச் சொல்வார். அந்த இடத்தில் முதன்முதலில் கையெழுத்திட்டவர் மல்லிகா அக்கா. செல்வராணி அக்கா லைனுக்குப் போய் வாங்கி வந்தார், நாயின் கண்ணில் படாமல் பின்பக்கமாக. கையெழுத்துக்குக் கீழே, யாரும் கேட்காமலேயே மல்லிகா அக்கா எழுதியிருந்தார்: "நாய் பேசாமல் இருக்கிறது. பூனை இருமவில்லை. அந்தப் பொண்ணை மட்டும் அனுப்ப வேண்டாம்."

இதுவரை நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நாய் இருக்கும் வீட்டில் பூனைக்குட்டியைப் பழக்குவது ஒன்றும் கஷ்டமில்லை, பழக்க வந்தவள் கிளம்பிப் போனால் போதும்.